சக்களத்திக்கு என்ன விலை?

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நான், உன் அத்தான், ஷெட்டில் நிற்கும் என் சக்களத்தி, மூவரும் சுகம். நீயும் உன் மனைவியும் எப்படி இருக்கிறீர்கள்? சின்னவளுக்குச் சளி விட்டதா?

கடிதம் வந்திருக்கிறதே என்று பதறாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போன் ஹாலில் இருக்கிறது. போனுக்குப் பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் உன் அத்தான். ரிட்டயர் ஆனதிலிருந்து அவருக்குப் பாம்புக் காது. சமையலறையில் நான் பெருமூச்சு விட்டால் ஹாலிலிருந்து "என்ன ஆச்சு?" என்கிறார். அதனால்தான் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில், கூட்டம் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். பதிலையும் வீட்டுக்குப் போடாதே, ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கே போடு.

விஷயம் இதுதான். அந்தக் காரை விற்க வேண்டும். நீ ஏலக் கம்பெனியில் உட்கார்ந்து ஊரார் வீட்டுப் பழைய கார்களுக்கெல்லாம் விலை போடுகிறாய். உன் அக்காவின் சக்களத்திக்கு ஒரு விலை சொல்லு. உண்மையில் அவர் என்னைக் கட்டுவதற்கு ஐந்து வருஷம் முன்பே அவளை வாங்கிவிட்டார். முறைப்படி பார்த்தால் நான்தான் அவளுக்குச் சக்களத்தி.

பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் நாங்கள் நாலு பேர். அவளுக்கு இருக்கை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போவதென்றால் அவர் காரில், நானும் பிள்ளைகளும் பையும் கூடையும் பஸ்ஸில். பிள்ளைகளையாவது முறை வைத்து ஏற்றிக்கொள்வார். என்னை 'வா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டதில்லை. முப்பத்தொரு வருஷத்தில் அந்தப் பக்கத்து சீட்டில் நான் உட்கார்ந்தது நாலே முறை. எண்ணி வைத்திருக்கிறேன்.

ஷெட்டுக் கூரை ஒழுகுகிறது. அவருக்கும் முழங்கால் வலி, போன வருஷத்திலிருந்து ஓட்டுவதில்லை. விற்கும் பேச்சை அவரிடம் இன்னும் எடுக்கவில்லை. 'வித்துடலாம்' என்பது அவர் வாயிலிருந்தே வர வேண்டும். நான் பிடுங்கி விற்றேன் என்று ஆகிவிடக் கூடாது. ஆனால் அது போயே ஆக வேண்டும், தம்பி. போனால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஏன் என்று மட்டும் கேட்காதே.

மற்றபடி அவர் நன்றாகத்தான் இருக்கிறார். கொஞ்சம் கைத்தவறல், அவ்வளவுதான். நேற்று தேநீரைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றினார். பேசும்போது என் முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசுகிறார். வயசானால் அப்படித்தான் போலிருக்கிறது.

சின்னவளை வெந்நீர் குடிக்கச் சொல்லு.

அன்புடன்,
அக்கா

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் மருந்து வாசனையோடு வந்து சேர்ந்தது. சின்னவளின் சளி அவளை விட்டுவிட்டு இப்போது என்னைப் பிடித்திருக்கிறது. மற்றவர்கள் சுகம்.

அத்தான் காரை விற்பதா? உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதன்முதலில் என்னை அதில் ஏற்றியபோது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்ன மனிதராயிற்றே!

சரி, தொழிலுக்கு வருகிறேன். பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பளபளப்பைப் பார்த்து விலை போடுவதில்லை. தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ, அதில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்துத்தான் போடுவோம். இன்ஜின் மேல் ஒரு நம்பர் இருக்கும், அடிச்சட்டத்தில் ஒரு நம்பர் இருக்கும். இரண்டும் அந்தக் கம்பெனியின் பழைய பதிவேட்டோடு பொருந்தினால் விலை இரண்டு மடங்கு. மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் காட்டுகிறது என்றும் எழுது. பெயின்ட் அசலாக இருந்தால் கீறல் விழுந்திருந்தாலும் கவலையில்லை. புதிதாக அடித்திருந்தால்தான் போச்சு. அப்புறம் அத்தானின் நோட்டு. சர்வேயர் மனிதர், போட்ட பெட்ரோல், போன தூரம் ஒன்று விடாமல் எழுதுவாரே, அந்த நோட்டும் கூட வந்தால் விலையில் கால் பங்கு கூடும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எதையும் துடைக்காதே, மெழுகு போடாதே, பெயின்ட் டப்பா இருக்கும் திசைக்கே போகாதே. போன மாதம் ஒரு அம்மா ஏலத்துக்கு வரும் காரைப் பாத்திரம் தேய்க்கிற நாரால் தேய்த்து அனுப்பியிருந்தார். ஆபீஸ் என்பதால் அழாமல் இருந்தேன்.

ஏன் என்று கேட்காதே என்கிறாய். கேட்கவில்லை. ஆனால் அத்தானுக்குத் தெரியாமல் அவர் காருக்கு விலை போடுவது எனக்கு உறுத்துகிறது. அதையும் சொல்லி வைக்கிறேன்.

முழங்காலுக்கு நல்ல மருந்தாக நீயே எடுத்துக் கொடு.

உன் தம்பி

பிப்ரவரி 10

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். உன் சளி எப்படி? தேனில் மிளகுத் தூள் போட்டுச் சாப்பிடு. கவுன்டரில் உட்கார்ந்து மருந்து விற்கிறவள் சொல்கிறேன், சளிக்கு அதுதான் கேட்கும்.

சனிக்கிழமை அவர் முடி வெட்டப் போன நேரத்தில் நம்பர்களை எடுத்துவிட்டேன். ஐம்பத்தேழு வயசில் பழைய போர்வையை விரித்துக் காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு! பக்கத்து வீட்டுக்காரி மதில் மேல் எட்டிப் பார்த்து, "என்னக்கா, பூனை குட்டி போட்டிருக்கா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி அனுப்பினேன். இப்போது தினமும் குட்டி எங்கே என்று கேட்கிறாள்.

இரண்டு நம்பரையும் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். முப்பது வருஷமாக டாக்டர்கள் கையெழுத்தைப் படிக்கிறவள், ஒரு எழுத்துக்கூடத் தப்பாது. மீட்டர் 71,346. அசையாமல் நிற்கிற வண்டி, இனி அது மாறப் போவதுமில்லை. பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. நோட்டு அவர் சட்டை அலமாரியில் இருக்கிறது, அதில் கை வைக்க எனக்குத் தைரியமில்லை.

நானும் வண்டி ஓட்டுகிறவள்தான் என்பது உனக்கு மறந்திருக்கும். டிரைவர் லீவு போடுகிற நாளெல்லாம் ஆஸ்பத்திரி மருந்து வேனை ஓட்டுவது நான்தான். "வேன் வேற, இது வேற" என்பார் உன் அத்தான். நானும் சாவியைக் கேட்டதில்லை.

சீக்கிரம் விலை சொல்லு.

அக்கா

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்கு,

மிளகும் தேனும் வேலை செய்தன. எல்லோரும் சுகம்.

உட்கார்ந்துகொண்டு படி. இரண்டு நம்பரும் பதிவேட்டோடு அப்படியே பொருந்துகின்றன. அந்த மாடலில் அசல் இன்ஜினோடு ஓடுகிற வண்டி எனக்குத் தெரிந்து ஏழோ எட்டோதான். பெயின்டும் நீ சொல்வதுபோல் இருந்தால், உன் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் நாலு வருஷத்துச் சம்பளம் வரும். நோட்டும் சேர்ந்தால் ஐந்து.

ஆனால் நேரில் பார்க்காமல் கம்பெனி விலையை உறுதி செய்யாது. எங்கள் ஆபீஸ் ஆய்வாளர் மார்ச் 14-ஆம் தேதி வருவார். அவருக்கு 'டொக்டொக்' என்று பெயர் வைத்திருக்கிறோம். காரை விரல் முட்டியால் தட்டித் தட்டியே எங்கே ஒடுக்கு எடுத்திருக்கிறது, எங்கே பூசியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பழைய கார்களைப் பட்டியல் எடுக்க வருகிறார் என்று அத்தானிடம் சொல்லி வை. அது முழுப் பொய்யும் இல்லை.

தம்பி

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? டொக்டொக் ஊர் திரும்பிவிட்டார். அத்தான் அவரை ராஜோபசாரமாகக் கவனித்தாராம், ஒவ்வொரு திருகாணிக்கும் கதை சொன்னாராம்.

ஆனால் அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. இடது பக்க மட்கார்டில் ஒரு சாண் அகலத்துக்கு ஒடுக்கு எடுத்திருக்கிறது, அதன் மேல் பழுப்புப் பெயின்ட் என்று எழுதியிருக்கிறார். உங்கள் வீட்டு கேட்டுக்கு அடித்த அதே பழுப்பாம், பிரஷ்ஷால் அடித்ததாம். மிளகாய்ச் சிவப்புக் காரில் கேட்டுப் பழுப்பு! அத்தான் அவரை அங்கே கூட்டிக்கொண்டு போய், "ஒட்டு தெரியுதா பாருங்க" என்று பெருமையாகக் கேட்டாராம். அவருக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றாராம்.

யார் செய்த வேலை இது? அத்தானா? மெழுகை ஸ்பூனால் அளந்து போடுகிற மனிதரா? நீ பெயின்ட் நன்றாக இருக்கிறது என்று எழுதினாயே?

இன்னொன்று. மீட்டர் 71,371 காட்டியதாம். பிப்ரவரியில் நீ எழுதியது 71,346. இருபத்தைந்து கிலோமீட்டர் எப்படிக் கூடியது? உன் சக்களத்தி உனக்குத் தெரியாமல் ஊர் சுற்றுகிறாளா என்ன?

உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நாலு வாரமாகப் பதில் இல்லை. நேற்று பயந்துபோய் வீட்டுக்குப் போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். நீ வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். குரல் தெளிவாக இருந்தது. நான் எதையும் கேட்கவில்லை, மழை வருகிறதா, வெயில் அடிக்கிறதா என்று பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

கோபமா? காரைப் பற்றி எழுத வேண்டாம். நீ எப்படி இருக்கிறாய் என்று மட்டும் இரண்டு வரி போடு.

தம்பி

ஏப்ரல் 27

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு சுகம்தான். கோபம் உன் மேல் இல்லை.

'இருபத்தைந்து கிலோமீட்டர்' என்று நீ வேடிக்கையாக எழுதியதைக் கவுன்டரில் நின்றுகொண்டு படித்தேன். எதிரே நின்ற பெரியவருக்கு மாற்றி மருந்து கொடுத்திருப்பேன், நல்லவேளை அவரே அட்டையைப் பார்த்துக் கேட்டார். பிப்ரவரிக்குப் பிறகும் அவர் வண்டியை எடுத்திருக்கிறார் என்பது எனக்கு உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும்.

உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார், அதனால்தான் மறைத்தேன். முழங்காலில் ஒரு வலியும் இல்லை. அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. நடுப் பார்வை அழிந்துவிட்டது, ஓரம்தான் தெரிகிறது. எதை நேராகப் பார்க்கிறாரோ அதுதான் மறையும். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் காதைப் பார்க்க வேண்டும், அப்போதுதான் முகம் ஓரத்தில் கொஞ்சம் தெரியுமாம். நிறமும் பிரிவதில்லை, சிவப்பு, பழுப்பு, கறுப்பு எல்லாம் அவருக்கு ஒன்று. இதற்கு வைத்தியம் இல்லை என்று நாலு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். வண்டியைத் தொடக் கூடாது என்று போன வருஷமே சொன்னார்கள்.

டிசம்பரில் ஒருநாள் காலை ஷிஃப்ட் முடிந்து வந்தேன். கேட் தூண் சாய்ந்திருந்தது. அவர் ஷெட்டில் மட்கார்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எந்த டப்பாவை எடுத்தார் என்பது வாசலிலிருந்தே தெரிந்தது. "பாத்தியா, ஒட்டு தெரியுதா?" என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "தெரியவே இல்லைங்க" என்றேன். நீயே சொல்லு, வேறு என்ன சொல்லியிருப்பாய்?

அன்று இடித்தது தூண். தூணுக்குப் பதில் பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளை நின்றிருந்தால்? அன்றிலிருந்து எனக்கு இந்த ஒரே நினைப்புதான். இனிமேல் எடுக்க மாட்டேன் என்று சொன்னவர், நான் காலை ஷிஃப்டுக்குப் போகும் நாட்களில் எடுத்திருக்கிறார். சாவியைப் பிடுங்கலாம், என்னால் முடியும். பிடுங்கினால் அவர் அன்றைக்கே உட்கார்ந்துவிடுவார், தம்பி. அப்புறம் எழுந்திருக்க மாட்டார். அதனால்தான் அவராகக் கொடுக்க வேண்டும் என்கிறேன்.

இந்த மாதம் முழுக்க ஷிஃப்டை மாற்றிக்கொண்டு காலையில் வீட்டிலேயே இருக்கிறேன். எத்தனை நாளைக்கு முடியும்?

அக்கா

மே 5

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நலம். அட்டையில் பள்ளம் வெட்டி அதற்குள் பேனாவை ஓட்டுகிறேன். அப்படியும் வரி ஏறி இறங்கினால் பொறுத்துக்கொள். நில அளவைக்காரன் கோடு வளைகிறது என்று சிரிக்காதே. இதை நானே தபால்பெட்டியில் போடுவேன். வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு அடி வைத்தால் பெட்டி, அளந்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். கார் பட்டியல் எடுக்க வந்த மனிதர் தட்டின தட்டிலேயே விலை போட வந்தவர் என்று தெரிந்துவிட்டது. நீ போன் செய்து இரண்டு தடவை மழையைப் பற்றிக் கேட்டாய். முப்பது வருஷத்தில் நீ என்னிடம் மழையைப் பற்றிக் கேட்டதில்லை. ஆக, இந்த விற்பனையில் நீயும் கூட்டு.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். மட்கார்டை அந்த மனிதருக்குக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் நின்றார். நல்ல வேலையைப் பார்க்கிறவன் அப்படி நிற்க மாட்டான். உன் அக்கா ஒட்டு தெரியவில்லை என்றாள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள், அதனால் நம்பினேன். இப்போது நம்ப முடியவில்லை. அவளைத் திரும்பக் கேட்டால் திரும்பவும் அதையே சொல்லுவாள்.

நீ விலை போடுகிறவன். உள்ளதைச் சொல்வதுதான் உன் வேலை. நான் அடித்தது என்ன நிறம்?

அத்தான்

மே 12

அத்தானுக்கு,

பெரிய எழுத்தில், தடித்த பேனாவில் எழுதுகிறேன்.

பழுப்பு.

கேட்டுக்கு அடிக்கும் பெயின்ட்.

ஆனால் ஒடுக்கை நீங்கள் எடுத்த விதம் சுத்தம். தட்டிப் பார்த்தால் மற்றப் பக்கத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். கை சரியாகத்தான் இருக்கிறது என்று எங்கள் ஆள் எழுதியிருக்கிறார்.

மன்னியுங்கள்.

உங்கள் மச்சான்

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

சுகம். உன்னை நாலு திட்டுத் திட்டத்தான் பேனாவை எடுத்தேன், இப்போது மனசு வரவில்லை.

உன் கடிதம் வந்த அன்று அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தானே படித்திருக்கிறார். நான் வந்ததும் கையில் கொடுத்தார். "சத்தமாப் படி" என்றார். இரண்டாவது வரியோடு நிறுத்திக் கடிதத்தை மடித்துவிட்டேன்.

"ஏன் சொல்லலை?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க."

"அஞ்சு மாசம். அஞ்சு மாசமா தெருவே என்னைப் பாத்து சிரிச்சிருக்கும்."

"யாரும் சிரிக்கலை. பக்கத்து வீட்டுக்காரிகூட சிரிக்கலை. அவ பூனைக்குட்டியைத் தேடிட்டு இருந்தா."

பூனைக் கதையைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. நான் டார்ச்சைக் கவ்விக்கொண்டு காருக்கடியில் படுத்ததைக் கேட்டதும் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே இருந்து அப்படியே அழுதுவிட்டார். நானும் அழுதேன். பிறகு எழுந்து போய்ச் சட்டை அலமாரியைத் திறந்து, சாவியையும் நோட்டையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "வித்துடலாம்" என்றார்.

எந்த வார்த்தைக்காக ஜனவரியிலிருந்து காத்திருந்தேனோ அதே வார்த்தைதான். கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

உனக்கு அனுப்பலாம் என்று எடுத்தவள் நோட்டைப் புரட்டினேன். புரட்டாமலே அனுப்பியிருக்கலாம். தேதி, தூரம், பெட்ரோல் எல்லாம் நீ சொன்னபடியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம். 'பக்கத்து இருக்கை' என்று தலைப்பு. சர்வேயர் அல்லவா, யார் உட்கார்ந்தார்கள் என்றுகூட எழுதியிருக்கிறார். மூத்தவள் என்று இருக்கும், சின்னவன் என்று இருக்கும். நான் உட்கார்ந்த நாலு முறையும் இருக்கிறது, அதில் ஒன்றின் தேதி எனக்கே மறந்திருந்தது. மற்ற ஞாயிறெல்லாம் இப்படி எழுதியிருக்கிறது: 'கேட்டேன். அடுத்த வாரம் என்றாள். காலி.'

அதற்கடுத்த ஞாயிறும் அதேதான். 'கேட்டேன். அடுத்த வாரம் என்றாள். காலி.'

என்னை ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை என்று உனக்கு எழுதினேனே, அது பொய். தெரிந்து சொன்ன பொய் இல்லை. சமையலறை வாசலில் நின்று சாவியை விரலில் சுற்றிக்கொண்டு "வர்றியா?" என்பார். நான் கை நிறைய ஈரத் துணியோடு நின்றுகொண்டு, "அடுத்த வாரம் பாக்கலாம்" என்பேன். வாய் வார்த்தைக்குக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். கோபமும் இருந்தது. பஸ்ஸில் போகிறவள்தானே, பஸ்ஸிலேயே போகிறேன் என்கிற வீம்பு. வீம்பு பிடித்தது நான், கட்டத்தை நிரப்பியது அவர். எத்தனை என்று எண்ண ஆரம்பித்தேன். முந்நூறு தாண்டியதும் நிறுத்திவிட்டேன். கடைசிப் பத்து வருஷத்தில் வாசகம் மாறியிருக்கிறது: 'கேட்கவில்லை. காலி.'

முப்பத்தொரு வருஷமாக ஒரு காரைச் சக்களத்தி என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன், தம்பி. அந்தக் காரில் எனக்கு ஒரு இடம் போட்டு வைத்திருந்திருக்கிறார்.

வாங்குகிற ஆளைப் பார். நான் சொன்ன சொல் மாற மாட்டேன்.

அக்கா

ஜூன் 16

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். உன் கடிதத்தை இவளுக்குப் படித்துக் காட்டினேன். அன்று சாயங்காலம் நான் கடைக்குக் கிளம்பும்போது, "நானும் வர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

நல்ல ஆள் கிடைத்துவிட்டார். ஒரு பல் டாக்டர் அம்மா. காரைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைக்கிற ரகம் இல்லை, ஓட்டுகிறவர். பழுப்பை எடுத்துவிட்டுச் சரியான சிவப்பு அடித்துக்கொள்வாராம், அதற்காக விலையைக் குறைக்கவும் இல்லை. நாலு வருஷச் சம்பளம் என்றேனே, அது அப்படியே வருகிறது. நோட்டும் வேண்டும் என்கிறார், அதற்குத் தனியாகத் தருவார். உனக்கு மனமில்லை என்றால் நோட்டு கிடையாது என்று நானே சொல்லிவிடுகிறேன். 29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை லாரியோடு வருவார். அதுவரைக்கும் வாரம் ஒருமுறை இன்ஜினை ஓட விடு, இல்லாவிட்டால் பேட்டரி படுத்துவிடும்.

அத்தான் எப்படி இருக்கிறார்? என்மேல் வருத்தமா?

தம்பி

ஜூன் 23

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். உன்மேல் வருத்தம் இல்லை. "இந்தக் குடும்பத்துல உண்மை பேசுற ஆள் அவன் ஒருத்தன்தான்" என்கிறார். எனக்குத்தான் குத்து.

நேற்று ஞாயிறு. நீ சொன்னபடி இன்ஜினை ஓட விடலாம் என்று ஷெட்டைத் திறந்தேன். பின்னாலேயே வந்தார். வழக்கம்போல ஓட்டுகிற பக்கம் போனவர் நின்றுவிட்டார். அப்புறம் பானெட்டைத் தடவிக்கொண்டே சுற்றி வந்து, மறுபக்கக் கதவின் கைப்பிடியைத் தேடினார். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கும் என்று அவர் விரலுக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் ஏறியதே இல்லை. நான் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"சும்மா நிறுத்தி வச்சு உறும விடாத. வெளிய எடு."

"வேன் வேற, இது வேறன்னு சொல்லுவீங்களே?"

"வேறதான். கிளச்சை முழுசா மிதி."

"மிதிச்சாச்சு."

"மிதிக்கலை. கண்ணுதான் போச்சு, காது இருக்கு."

வாசலைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை நின்றது. "வேன்காரி, வேன்காரி" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாலாவது தடவை கிளம்பிவிட்டது. தூணை இடிக்கவில்லை என்பதை உன் நோட்டில் எழுதி வைத்துக்கொள். கியர் எப்போது மாற்றுவது என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை, இன்ஜின் சத்தத்தைக் கேட்டு "ம், இப்போ ரெண்டு", "இப்போ மூணு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேனில் அப்படி ஒரு சுகம் வருமா! அவளை இனி என் முன்னால் யாரும் குறை சொல்லக் கூடாது.

நானும் பிள்ளைகளும் கூடையோடு நிற்கிற பஸ் ஸ்டாப் வந்தது. தாண்டிப் போனேன்.

"என்ன தெரியுது, சொல்லு" என்றார். "மரமெல்லாம் பச்சையா, அழகா இருக்கு" என்றேன். "உள்ளதைச் சொல்லு" என்றார். உள்ளதைச் சொன்னேன். மூலைக் கடைக்கு அசிங்கமான நீலம் அடித்திருக்கிறார்கள், பள்ளிக்கூடச் சுவரில் பாதி விழுந்துவிட்டது, எதிரே ஒரு தடியன் வாய்க்குள் ஈ போவது தெரியாமல் நம் காரையே பார்க்கிறான் என்றேன். அவர் என் காதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுக்கச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஜூன் 22. தூரம் பதினொன்று. ஓட்டியது: அவள். பக்கத்து இருக்கை: நான்.

நோட்டை மூடி வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். அப்புறம், சமையலறை வாசலில் வந்து நிற்பாரே, அதே இடத்தில் வந்து நின்று, அதே மாதிரி கேட்டார். "அடுத்த வாரம் வர்றியா?" சாவி என் கையில் இருக்கிறது. அதனால் விரலை மட்டும் சுற்றினார்.

சொன்ன சொல் மாற மாட்டேன் என்று எழுதியிருந்தேன். மாறவில்லை, விற்கத்தான் போகிறேன். அந்த டாக்டர் அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லு. இந்த ஞாயிறு எங்களுக்குத் தோதுப்படாது, லாரியை அடுத்த வாரம் கொண்டுவரச் சொல்லு. எந்த அடுத்த வாரம் என்று கேட்பார். உன் அக்காவின் அடுத்த வாரம் என்று சொல்லு. அது எவ்வளவு நீளம் என்று நோட்டில் இருக்கிறது.

சின்னவளுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா